மணலில் உருளாத சக்கரம்

மிதிவண்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அது எங்கெல்லாம் போகும் என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். அது எங்கே நின்றுபோகிறது என்பதிலிருந்து தொடங்கினால் அந்தக் கருவியின் இயற்பியலும் அரசியலும் இன்னும் தெளிவாகப் புலப்படும். அதற்குத் தூத்துக்குடி மாவட்டத்தின் மணப்பாட்டைவிடப் பொருத்தமான ஊர் அமைவது கடினம். கருமேனியாறு கடலில் கலக்கும் இடத்தையொட்டிக் கடலுக்குள் நீண்டிருக்கும் மேட்டின்மேல் 1581ஆம் ஆண்டின் திருச்சிலுவைக் கோவிலும், 1542இல் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாக மக்கள் போற்றும் குகையும், கலங்கரை விளக்கமும் இருக்கின்றன. ஊரின் தார்ச்சாலை முடிகிற இடத்தில் வெண்மணல் தொடங்கிவிடுகிறது. உள்நாட்டுப் பக்கமாக உடன்குடியைத் தாண்டிச் சற்றுத் தொலைவு சென்றாலோ குதிரைமொழித் தேரியின் செம்மணல் மேடுகள் வந்துவிடுகின்றன. இரண்டு மணல்களுக்கும் நடுவே சாலை இருக்கும்வரைதான் சைக்கிளுக்கு அங்கே வாழ்வு.

இதன் காரணத்தை இயற்பியல் எளிதாகவே சொல்லிவிடுகிறது. சக்கரம் உருளும்போது டயரும் தரையும் சிறிது அமுங்கி மீள்கின்றன. அமுக்கச் செலவான ஆற்றல் முழுவதும் மீளும்போது திரும்பக் கிடைப்பதில்லை. இந்த இழப்பால் உண்டாகும் எதிர்விசைக்கு உருள்தடை என்று பெயர். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ இருந்தால், காற்று நன்றாக அடைத்த டயருக்கு நல்ல தார்ச்சாலையில் உருள்தடை ஏறக்குறைய 5 நியூட்டன்தான், அதாவது அரைக் கிலோ எடையைக் கையில் தூக்கிப் பிடிக்கத் தேவையான விசை. இளமணலில் சக்கரம் தனக்கு முன்னால் தானே ஒரு மேட்டைக் குவித்துக்கொண்டு அதன்மேல் ஓயாமல் ஏற வேண்டியிருப்பதால், அதே எதிர்விசை பல பத்து மடங்கு பெருகி, மனிதக் கால்களின் வலுவை மீறிவிடுகிறது. ஆகவே மிதிவண்டி தனிமனிதரின் கருவி என்று வழக்கமாகச் சொல்லப்படுவது பாதி உண்மையே. அதன் மறுபாதி பொதுப்பணத்தில் போடப்பட்டு, எல்லோருக்கும் பொதுவாகத் தரையில் கிடக்கிறது. பாதையைக் கழித்துவிட்டால் சைக்கிள் என்பது தள்ளிக்கொண்டு போக வேண்டிய இரும்புச் சட்டம்.

உருள்தடைக்கு அடுத்தது காற்றின் தடை. காற்றை விலக்கிக்கொண்டு போகத் தேவைப்படும் விசை வேகத்தின் இருமடியாகவும், அதற்குச் செலவாகும் திறன் வேகத்தின் மும்மடியாகவும் கூடுகின்றன. வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்றுக்குக் கொடுக்க வேண்டிய திறன் எட்டு மடங்காகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பவருக்கு, காற்றில்லாத நேரத்தில், இரண்டு தடைகளையும் வெல்ல ஏறக்குறைய 50 வாட் போதும்; நல்ல உடல்நிலையுள்ள ஒருவர் மணிக்கணக்கில் தளராமல் தரக்கூடிய 75 வாட்டுக்கு உள்ளேயே இது அடங்கிவிடுகிறது. ஆனால் மணப்பாட்டிலிருந்து வடமேற்கே உடன்குடிச் சந்தைக்கு மீன்பெட்டியோடு போகிறவருக்குத் தென்மேற்குப் பருவத்தில் கச்சான் காற்று எதிர்ப்பட்டு, அதன் வேகமும் மணிக்கு 15 கிலோமீட்டராக இருந்துவிட்டால், தேவை ஒரேயடியாக 120 வாட்டைத் தாண்டிவிடுகிறது. மீன் வியாபாரி அப்போது இறங்கித் தள்ளுவது சோம்பலாலன்று; வேகத்தைக் குறைத்துத் திறனை மிச்சப்படுத்தும் சரியான முடிவு அது, ஏட்டுக் கணக்கு எதுவும் இல்லாமலே அவருடைய தொடைத்தசை எடுத்த முடிவு.

இந்தக் கருவியின் சிக்கனம் 1973இல் எஸ். எஸ். வில்சன் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பலரறிந்த செய்தியாயிற்று: ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் நகர்த்தச் செலவாகும் ஆற்றலைக் கொண்டு ஒப்பிட்டால், மிதிவண்டியில் செல்லும் மனிதர் நடந்து செல்லும் மனிதர் செலவழிப்பதில் ஐந்தில் ஒரு பங்கையே செலவழிக்கிறார்; விலங்குகளும் எந்திரங்களும் அடங்கிய அந்தப் பட்டியலில் முதலிடம் அவருக்கே. அதைவிட வியப்பூட்டுவது அதன் நிலைப்பு. ஓடும் சைக்கிள் ஏன் சாய்வதில்லை என்பதற்கான சமன்பாடுகளை 1899இலேயே பிரான்சிஸ் விப்பிள் எழுதிவிட்டார். இருந்தும், சுழலும் சக்கரம் தன் அச்சுத் திசையை மாற்றவிடாமல் எதிர்க்கும் சுழல்விளைவுதான் காரணம் என்று பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. 1970இல் டேவிட் ஜோன்ஸ் எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி அந்த விளைவை இல்லாமலாக்கிப் பார்த்தபோதும் அவரால் வண்டியை ஓட்ட முடிந்தது. ஹேண்டில்பார் அச்சின் நீட்சி தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்றுப் பின்னால் முன்சக்கரம் தரையைத் தொடுவதே காரணம் என்ற விளக்கமும் போதாது என்பது 2011இல் தெரிந்தது: கார்னெல், டெல்ஃப்ட் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் இவ்விரண்டு தன்மைகளும் இல்லாத ஒரு வண்டியைச் செய்து, ஆளில்லாமலே அது சாயாமல் ஓடுவதைக் காட்டினார்கள். எடை எங்கெங்கே பரவியிருக்கிறது, சாயும் பக்கமாக முன்சக்கரம் எவ்வளவு விரைவில் திரும்புகிறது என்பன போன்ற பல காரணங்கள் ஒன்றுசேர்ந்து செய்யும் வேலை அது. பத்து வயதுப் பிள்ளை ஒரு மாலைப்பொழுதில் உடலால் கற்றுக்கொள்வதை இயற்பியல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சொல்லாக்க முயன்றுகொண்டிருக்கிறது என்பது அறிவியலுக்குக் குறைவில்லை. உழைப்பவர்களின் கையிலும் காலிலும் இருக்கும் அறிவை அறிவென்றே ஏற்க வேண்டும் என்று வாதாடிய இடதுசாரி மரபுக்கு இதைவிட நல்ல சான்றும் வேண்டியதில்லை.

அந்த மரபுக்கும் இந்தக் கரைக்கும் உறவு நெடியது. வ. உ. சிதம்பரனார் 1906இல் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவியபோதும், 1908இல் சுப்பிரமணிய சிவாவோடு சேர்ந்து கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நடத்திக் கூலி உயர்வும் வேலைநேரக் குறைப்பும் பெற்றுத் தந்தபோதும், அவர் எழுப்பிய கேள்வி தெளிவானது: கப்பல் யாருடையது, ஆலையின் ஆதாயம் யாருக்குப் போகிறது? சென்னையில் மீனவக் குடும்பத்தில் பிறந்து, 1923 மே 1 அன்று இந்தியாவின் முதல் மேநாள் விழாவை நடத்திய சிங்காரவேலர், அறிவியலைத் தமிழில் எழுதி உழைப்பவர்களிடம் சேர்ப்பதைத் தம் அரசியலின் ஒரு பகுதியாகவே கொண்டிருந்தார். எந்திரத்தையும் முதலாளி அதைப் பயன்படுத்தும் முறையையும் வேறுபடுத்திப் பார்க்கத் தொழிலாளர்களுக்குக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என்று மார்க்ஸ் ‘மூலதன’த்தின் முதல் தொகுதியில் எழுதியதும், மின்மயமாக்கலைப் பொதுவுடைமையின் பிரிக்க முடியாத கூறாக லெனின் 1920இல் முன்வைத்ததும் இந்தப் பார்வைக்கு அடித்தளங்கள். (லெனின் தாமே ஆர்வமுள்ள சைக்கிளோட்டி என்பதும், பாரிஸில் நாடுகடந்து வாழ்ந்த காலத்தில் அவருடைய சைக்கிளை ஒரு மோட்டார் கார் மோதி நொறுக்க, அவர் வழக்காடி இழப்பீடு பெற்றார் என்பதும் நினைவில் வைக்கத் தக்கவை.)

எந்திரம் யாருடையது என்ற கேள்வி இன்றும் கூர்மை குறையாதது. ஆனால் அதற்கு இணையான இன்னொரு கேள்வியை இடதுசாரி இயக்கங்கள் போதிய அளவு கேட்கவில்லை: எந்திரம் எப்படிப்பட்டது? பயன்படுத்துபவர் அதைத் திறந்து பார்க்க முடியுமா, பழுதானால் உள்ளூரிலேயே சரிசெய்ய முடியுமா, அது தனக்கு வேண்டிய எரிபொருளுக்கும் உதிரிப் பாகத்துக்கும் கடனுக்கும் அவரை யாரிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது? உடைமை மாறினாலும் இந்தத் தன்மைகள் தாமாக மாறுவதில்லை. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா காந்திய வழியிலும், இவான் இல்லிச் 1970களில் ஆற்றலையும் நியாயத்தையும் இணைத்து எழுதிய சிறுநூலிலும் கேட்ட கேள்வி இதுவே. போக்குவரத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டரைத் தாண்டும்போது சமூகத்தின் ஏற்றத்தாழ்வு வளரத் தொடங்குகிறது என்று இல்லிச் கருதினார். அந்த எல்லை சற்றுத் தன்னிச்சையானது என்ற குறை அவர்மேல் உண்டு. ஆனால் மேலே சொன்ன காற்றுத் தடைக் கணக்கின்படி, நிமிர்ந்து மிதிக்கும் சராசரி மனித உடல் 150 வாட் அளவில் திணறத் தொடங்குவதும் அதே 25 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டித்தான். உடலின் வலு முடிந்து வெளியிலிருந்து வாங்கும் ஆற்றல் தொடங்கும் எல்லையை, அவர் வேறொரு பக்கத்திலிருந்து வந்து தொட்டிருக்கிறார். கேரளத்தில் 1962இல் தோன்றிய சாஸ்திர சாகித்ய பரிஷத் அமைதிப் பள்ளத்தாக்கு அணைத் திட்டத்தை எதிர்த்தபோது, உடைமைக் கேள்வியோடு நில்லாமல் தொழில்நுட்பத்தின் தன்மையையும் இடதுசாரிகளுக்குள்ளேயே விவாதமாக்கியது. அத்தகைய விவாதங்கள் அருகியே நடந்தன என்பதுதான் குறை.

மீன் வியாபாரியின் சைக்கிளை அருகில் நின்று பார்த்தால் இந்த இரண்டாம் கேள்விக்கு விடை கிடைக்கும். கடையில் வாங்கியபோது இருந்த மெல்லிய கேரியர் போய், உள்ளூர்ப் பட்டறையில் கம்பி வளைத்துப் பற்றவைத்த அகன்ற கேரியர் ஏறியிருக்கும். பனிக்கட்டியும் மீனும் நிறைந்த பெட்டி பழைய ட்யூபைக் கிழித்துச் செய்த பட்டையால் இறுக்கப்பட்டிருக்கும். உப்புக்காற்று குரோமியப் பூச்சின் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே புகுந்து ரிம்மைச் செந்நிறமாக்கியிருக்கும். பஞ்சர் ஆனால் டயரை நெம்பி ட்யூபை வெளியே இழுத்துத் தண்ணீரில் அமிழ்த்துகிறார்கள். குமிழி வருகிற இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவிக் காயவிட்டு, ஒட்டுத்துண்டை அழுத்துகிறார்கள். பழுது எங்கே இருக்கிறது என்பது ஓட்டுபவரின் கண்ணெதிரே தெரிகிறது, யார் செய்தாலும் அதே வரிசைதான். ஒரு கருவி தன் இயக்கத்தைப் பயன்படுத்துபவரிடமிருந்து மறைக்காமல் இருப்பது ஓர் அரசியல் பண்பு என்று சொல்வதில் மிகை இல்லை. வியட்நாமில் 1954ஆம் ஆண்டு தியன் பியன் பூ முற்றுகையின்போது வியட்மின் தரப்பினர் சட்டத்தை வலுப்படுத்தி, ஹேண்டில்பாரில் மூங்கில் கட்டி நீட்டி, 200 கிலோவுக்கு மேல் அரிசியும் வெடிபொருளும் ஏற்றித் தள்ளிச் சென்ற மிதிவண்டிகளும் இதே பண்பால்தான் பயன்பட்டன: தள்ளுபவரின் முதுகில் ஏறியிருக்க வேண்டிய பாரத்தைச் சக்கரம் தாங்கியது, காட்டுப் பாதையின் பழுதைக் காட்டிலேயே சரிசெய்ய முடிந்தது.

இந்தக் கரைக்கு அத்தகைய கருவி புதிதுமன்று. கட்டுமரம் தண்ணீரைத் தடுத்து நிறுத்த முயல்வதில்லை. மரமே நீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் அலை மேலேறி வழிந்தோடினாலும் அது மூழ்குவதில்லை. கரையேறியதும் கயிற்றை அவிழ்த்துத் துண்டங்களைக் காயவைத்து மறுபடி கட்டிக்கொள்ளலாம். பின்னர் வந்த 9.9 குதிரைத்திறன் வெளிப்பொருத்து எஞ்சின் ஏறக்குறைய 7,400 வாட் தருகிறது, அதாவது நூறு பேரின் நீடித்த உழைப்பு. அதை இகழ்வதற்கு எவருக்கும் உரிமையில்லை; எதிர்க்காற்றில் துடுப்பு வலித்துத் தோள் தேய்ந்தவர்களுக்கும், திடீரென்று கடல் கொந்தளிக்கும்போது விரைந்து கரைசேர வேண்டியவர்களுக்கும் அது விடுதலை. ஆனால் அந்த விடுதலையோடு மண்ணெண்ணெய் விலையும், வெளியூரிலிருந்து வர வேண்டிய உதிரிப் பாகமும், பிடித்த மீனை யாரிடம் விற்பது என்பதையே தீர்மானித்துவிடும் முன்பணக் கடனும் கூடவே வந்தன. எஞ்சின் மீனவருடையதாக இருந்தும் அதன் கட்டுப்பாட்டில் பெரும்பங்கு அவரிடம் இல்லை.

சைக்கிளைத் தூய சமத்துவக் கருவியாகப் புகழ்வதற்கும் இதே கரை இடம் தரவில்லை. தென்கடலோரங்களில் மீன் வணிகத்துக்குச் சைக்கிள் வந்தபோது அது ஆண்களின் கைக்கு வந்தது. உள்ளூர்ச் சந்தைகளுக்குத் தலைச்சுமையாக மீன் கொண்டுபோன பெண்கள் அதே சுமையோடு நடந்துகொண்டிருக்க, தொலைவும் விரைவும் ஆதாயமும் மிதிப்பவர் பக்கம் சாய்ந்தன. ஐந்தில் ஒரு பங்கு ஆற்றல் என்ற வில்சனின் கணக்கு உண்மையாக இருந்தும், அந்த மிச்சம் யாருக்குக் கிடைத்தது என்பதைக் கணக்கு தீர்மானிக்கவில்லை. ஊர்க்கண்ணும் பொம்பளைக்கு எதற்குச் சைக்கிள் என்ற பேச்சும் தீர்மானித்தன. எது எப்படிப்பட்டது என்ற கேள்வி, எது யாருடையது என்ற கேள்வியை இல்லாமலாக்கிவிடாது என்பதற்கு இது போதும்.

இரண்டு கேள்விகளும் ஒன்றாகச் சேர்ந்து விடை பெற்ற இடம் புதுக்கோட்டை. 1980இல் தொடங்கிய, இடதுசாரிச் சிந்தனையுள்ளோர் பலர் உழைத்த தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் தொண்டர்களும், மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தும் இணைந்து 1991இல் நடத்திய அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டக் கற்பதையும் பெண்களுக்கான பாடமாக்கியது. 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் நகருக்குள் சைக்கிளில் வலம் வந்ததையும், பொதுநிகழ்ச்சிகளில் மொத்தம் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டிக் காட்டியதையும் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். அவர் தரும் ஒரு செய்தி தனியே நினைக்கத் தக்கது: பெண்களுக்கான சைக்கிள் போதிய அளவு கிடைக்காதபோது அவர்கள் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள்; சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள், ஏனெனில் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையிலுள்ள பாரில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம். பெண்களைத் தள்ளிவைத்த அதே இரும்புக் குழாயை அவர்கள் இருக்கையாக்கிக்கொண்டார்கள். கல்குவாரியில் உழைத்த பெண்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் யாரையும் எதிர்பாராமல் வேலைக்கும் சந்தைக்கும் போய்வர முடிந்தது. பத்தாண்டுக்குப் பின் தமிழக அரசு மேல்நிலைப் பள்ளி மாணவியருக்கு விலையில்லா சைக்கிள் வழங்கத் தொடங்கி, பிறகு மாணவர்களுக்கும் விரிவாக்கியதற்கு அரசியல் காரணங்கள் பல இருக்கலாம். பெண்பிள்ளை சைக்கிளில் போவதை ஊர் இயல்பாக ஏற்கும் நிலையை உருவாக்கியதில் புதுக்கோட்டைப் பெண்களின் பங்கை மறுக்க முடியாது.

இன்று மணப்பாட்டைச் சுற்றி வேறு அளவிலான தொழில்நுட்பங்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. உடன்குடியில் தலா 660 மெகாவாட் கொண்ட இரண்டு அலகுகளாக அனல்மின் நிலையம் திட்டமிடப்பட்டது. அதன் 1,320 மெகாவாட்டை 75 வாட்டால் வகுத்தால் 1 கோடியே 76 லட்சம் மனிதர்களின் இடைவிடாத உழைப்பு. குலசேகரப்பட்டினத்தின் பெயரால் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று, இராமன் விளைவை நினைவுகூரும் தேசிய அறிவியல் நாளில், அடிக்கல் நாட்டப்பட்டது. இடத்தேர்வில் இயற்பியல் இருக்கிறது: துருவச் சுற்றுப்பாதைக்குத் தெற்கு நோக்கிச் செல்ல வேண்டிய ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பினால் இலங்கையின் நிலப்பரப்பைத் தவிர்க்க வளைந்து செல்ல வேண்டும், அந்த வளைவுக்குச் செலவாகும் எரிபொருளைச் சிறிய ராக்கெட்டால் தாங்க முடியாது, இந்தக் கரையிலிருந்தோ தெற்கே திறந்த கடல்தான். 500 கிலோ செயற்கைக்கோள் 500 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு 7.6 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றும்போது அதன் இயக்க ஆற்றல் மட்டுமே, ஒருவர் 75 வாட் வீதம் ஆறு ஆண்டுகள் இரவுபகல் ஓயாமல் மிதித்தால் சேரும் ஆற்றலுக்குச் சமம். இத்தகைய அறிவைப் பெற்றதில் பெருமைப்பட நியாயமுண்டு. புயலை முன்கூட்டிச் சொல்லும் செயற்கைக்கோள் கட்டுமரக்காரருக்கும் வேண்டியதே.

இந்திய விண்வெளி வரலாற்றில் சைக்கிளுக்கும் ஓர் இடம் உண்டு. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா, மணப்பாட்டைப் போலவே கத்தோலிக்க மீனவர் ஊர். புவியின் காந்த நடுக்கோடு அதன் அருகே செல்வதால் விக்ரம் சாராபாய் அதைத் தேர்ந்தார். ஊர்மக்கள் தங்கள் மகதலேனா மரியாள் ஆலயத்தையும் நிலத்தையும் விட்டுக்கொடுத்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அந்தக் காலத்தில் ராக்கெட்டின் முனைக்கூம்பைச் சைக்கிள் கேரியரில் வைத்து எடுத்துச்சென்ற நிழற்படத்தை ஏழ்மையிலிருந்து வளர்ச்சிக்கு வந்த கதையின் முதல் பக்கமாகவே எல்லோரும் காட்டுகிறார்கள். அந்தப் பாரத்துக்கும் அந்தத் தொலைவுக்கும் அந்த வழிக்கும் சைக்கிள் மிகச் சரியான கருவி என்ற எளிய பொறியியல் உண்மை அந்த விளக்கத்தில் காணாமல் போகிறது. பெரிய கருவியும் சிறிய கருவியும் ஒன்றையொன்று ஒழித்தாக வேண்டும் என்ற கட்டாயம் தும்பாவில் இருக்கவில்லை.

மணப்பாட்டில் அந்தக் கட்டாயம் உருவாகிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போதைய வேலை. ஏவுதளம் என்றால் ஏவும் நாட்களில் கடலின் ஒரு பகுதி படகுகளுக்கு மூடப்படும். அந்த நாட்களின் வருமானத்துக்கு ஈடு என்ன, அறிவிப்பு எத்தனை நாள் முன்னால் வரும் என்பவற்றை மீனவர்களோடு உட்கார்ந்து எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். கனரக வாகனங்களுக்காகச் சாலைகள் அகலமாகும். அகலப்படுத்தும்போது முதலில் காணாமல் போவது, சைக்கிளும் நடப்பவரும் ஒதுங்கிச் செல்லும் ஓரம். தார் விளிம்பிலிருந்து ஒரு சாண் இறங்கினால் மணல் என்ற ஊரில், பின்னால் லாரி ஒலியெழுப்பும்போது சைக்கிள்காரர் இறங்குவது அந்த மணலில்தான்; அங்கே முன்சக்கரம் புதைந்து வண்டி சாயும். இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் பேசப்படும் திட்டத்தில் சாலையின் இருபுறமும் ஒன்றரை மீட்டர் கெட்டித்தரையைச் சைக்கிளுக்கென்று ஒதுக்கி, காற்று கொண்டுவந்து கொட்டும் மணலை வாரந்தோறும் கூட்டித் தள்ளுவதற்கு ஊராட்சியில் இரண்டு பேரை வைப்பது பெரிய செலவாகாது. தொழிற்சங்கங்களும் அறிவியல் இயக்கமும் மீனவர் அமைப்புகளும் இழப்பீட்டோடும் வேலைவாய்ப்போடும் சேர்த்து இந்த ஒன்றரை மீட்டரையும் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் எழுத வேண்டும், சாலையின் வரைபடம் முடிவாவதற்கு முன்பே.